கொழுந்து என்று எழுதினால் தவறா?

(அறிவியல் தமிழ் பற்றிய தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"அறிவியலைத் தமிழில் படித்தால் பிள்ளைகள் பின்தங்கிவிட மாட்டார்களா?" என்று நெறியாளர் கேட்டார். எனக்கு முன்னால் பேசிய இருவரும் மொழிக் கொள்கை பற்றிச் சொன்னார்கள். நான் அவ்வளவு உயரத்துக்குப் போகப் போவதில்லை. ஒரே ஒரு தேயிலைச் செடியை வைத்துக்கொண்டு பேசுகிறேன். கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவன் நான். அம்மா கொழுந்து பறித்தார். அப்பா தேயிலை ஆலையில் வேலை பார்த்தார். நான் தமிழ்ப்பள்ளி ஆசிரியராகி இப்போது ஓய்வு பெற்றிருக்கிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன் நடந்த ஒரு சம்பவத்திலிருந்து தொடங்குகிறேன். அறிவியல் சோதனைத் தாளில் ஒரு கிளையின் படம். அதன் நுனிக்கு ஓர் அம்புக்குறி. "இப்பகுதியின் பெயர் என்ன?" என்பது கேள்வி. விடைத்தாளில் 'மொட்டு' என்று இருந்தது. தோட்டத்திலிருந்து வந்த ஒரு மாணவி 'கொழுந்து' என்று எழுதியிருந்தாள். சிவப்பு மையால் அதை அடித்தவன் நான்தான்! இன்னொரு மாணவன் 'மொட்டு' என்று சரியாக எழுதிவிட்டு, பக்கத்தில் அழகாக ஒரு செம்பருத்தி மொட்டையும் வரைந்து வைத்திருந்தான். அவனுக்கு மதிப்பெண் போட்டேன்.

அன்று மாலை இதை வேடிக்கையாக அம்மாவிடம் சொன்னேன். அம்மா சிரிக்கவில்லை. "ஏம்பா, அப்ப நான் முப்பது வருசமா எதைக் கிள்ளினேன்?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் போனபோது எனக்குக் கிடைத்தவற்றைத்தான் இங்கே சொல்ல வந்திருக்கிறேன்.

கிள்ளினால் ஏன் தழைக்கிறது?

கேமரன் மலைக்கு அந்தப் பெயர் வந்தது 1885-இல் அந்தப் பக்கம் நில அளவைக்கு வந்த வில்லியம் கேமரனால். அதன்பிறகு நாற்பது ஆண்டுகள் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. 1925-இல் தானா ராத்தாவில் விவசாய ஆய்வு நிலையம் அமைத்து, தேயிலை, காப்பி, சின்கோனா, காய்கறி இவையெல்லாம் அந்தக் குளிரில் வளருமா என்று பார்த்தார்கள். 1929-இல் ஜான் ஆர்ச்சிபால்ட் ரஸல் என்பவர், இலங்கையில் தேயிலை அனுபவம் பெற்ற மில்ன் என்பவரைச் சேர்த்துக்கொண்டு போ தோட்டத்தைத் தொடங்கினார். 1933-இல் பாரத் குழுமத்தின் தேயிலைத் தொழில் தொடங்கியது. காட்டை அழித்து, சரிவில் நாற்று நட்டு, கொழுந்து பறித்தவர்களில் பெரும்பாலோர் நம் மக்கள். 1938-இல் இந்திய அரசு கூலித்தொழிலாளர்களை உதவித்தொகையில் மலாயாவுக்கு அனுப்புவதை நிறுத்தியது. அதன்பிறகு இங்கே இருந்தவர்களும் அவர்கள் பிள்ளைகளும்தான் மலையைக் கட்டிக் காத்தார்கள்.

இப்போது செடிக்கு வருவோம். தேயிலை இயற்கையில் ஒரு மரம். விட்டுவிட்டால் இரண்டு ஆள், மூன்று ஆள் உயரத்துக்கு மேலும் வளரும். தோட்டத்தில் அது இடுப்பளவு நிற்பதற்குக் காரணம் இரண்டு வேலைகள்: கவாத்தும் கொழுந்து பறிப்பும். நுனியில் ஓர் அரும்பு, அதன் கீழ் இரண்டு இளம் இலை, இவ்வளவையும் சேர்த்துக் கிள்ளுகிறார்கள். கிள்ளிய சில நாட்களில், அதற்குக் கீழே இலைக்கும் தண்டுக்கும் இடையே இருக்கிற கணுவில் தூங்கிக்கொண்டிருந்த அரும்புகள் விழித்துக்கொண்டு கிளம்புகின்றன. ஒன்று போன இடத்தில் இரண்டு, மூன்று வரும். "கிள்ளினாத்தான் தழைக்கும், விட்டா மரமாயிடும்" என்று எந்தப் பாட்டியைக் கேட்டாலும் சொல்வார்.

உயிரியல் பாடநூலில் இதற்குப் பெயர் நுனி ஆதிக்கம். ஆள் உயர வளரத் துடிக்கும் நுனி அரும்பு, ஆக்சின் என்ற வளர்ச்சிப் பொருளைச் சுரந்து கீழே அனுப்புகிறது. அது வந்துகொண்டிருக்கும் வரை பக்கத்து அரும்புகள் அடங்கிக் கிடக்கும். நுனியை எடுத்துவிட்டால் அந்தத் தடை நீங்கிவிடும். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் தீமன், ஸ்கூக் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அவரைச் செடியில் நுனியை வெட்டி, வெட்டிய இடத்தில் ஆக்சினை வைத்துப் பார்த்தார்கள். பக்க அரும்புகள் கிளம்பவில்லை. இதை அவர்கள் வெளியிட்ட ஆண்டு என்ன தெரியுமா? 1933! கேமரன் மலையின் முதல் தேயிலைச் செடிகள் வளர்ந்து வந்த அதே ஆண்டுகள். அவர்கள் ஆய்வுக்கூடத்தில் நிறுவியதை நம் பெண்கள் நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கான முறை விரல்நுனியில் செய்துகொண்டிருந்தார்கள். காரணம் தெரியாது, ஆனால் விளைவு தெரியும். ஆக்சின் கதையும் அதோடு முடியவில்லை. செடிக்குள் வேறு பொருள்களும், சர்க்கரையும்கூட இதில் பங்கு கொள்கின்றன என்பது பின்னால் வந்த ஆய்வுகளில் தெரியவந்தது.

சில அரும்புகள் விழிக்கவே மாட்டா. சின்னதாக, கெட்டியாக உறங்கிவிடும். அதைத் தேயிலைத் துறையில் 'பாஞ்சி' என்பார்கள். மலடு என்று பொருள்படும் வட இந்தியச் சொல்லிலிருந்து வந்தது என்று விளக்கம் சொல்வார்கள். பாடநூலில் இதற்கு 'உறக்க நிலை' என்று பெயர். பாஞ்சியைக் கண்டுபிடிக்கத் தெரியாதவர் நல்ல கொழுந்து பறிக்க முடியாது.

கவாத்து விஷயம் இதைவிடச் சுவையானது. மூன்று, நான்கு ஆண்டுக்கு ஒருமுறை செடியை மொட்டையாக வெட்டிவிடுகிறார்கள். இலையே இல்லை என்றால் ஒளிச்சேர்க்கை இல்லை. செடி எதைத் தின்று பிழைக்கும்? வேரில் சேமித்த மாவுச்சத்தைத்தான். அதனால் கவாத்துக்கு முன் வேரைக் கொஞ்சம் சீவி, அயோடின் சொட்டு விட்டுப் பார்க்கும் வழக்கம் தேயிலைத் துறையில் உண்டு. கருநீலமாக மாறினால் வெட்டலாம். பள்ளியில் நாம் உருளைக்கிழங்கில் செய்து காட்டுகிறோமே, அதே சோதனை. சில இடங்களில் ஓரிரு கிளையை இலையோடு விட்டுவைப்பார்கள். ஆங்கிலேயத் தோட்டக்காரர்கள் அந்தக் கிளைக்கு 'நுரையீரல்' என்றே பெயர் வைத்திருந்தார்கள்.

போ என்ற பெயரும் ஒரு பழைய தவறும்

'போ' என்பதன் ஆங்கில எழுத்துகளுக்கு மலையின் சிறந்தது என்று விரிவு சொல்பவர்கள் உண்டு. நிறுவனத்தார் சொல்வது வேறு. சீனாவின் பூஜியான் மாநிலத்தில் பொஹியா என்று ஐரோப்பியர் அழைத்த தேயிலை மலை இருக்கிறது. அந்தப் பெயரின் சுருக்கமாம் இது.

இந்தப் பொஹியா என்ற சொல் உயிரியல் வரலாற்றில் ஒரு பெரிய தவறோடு சம்பந்தப்பட்டது. உயிர்களுக்கு இரட்டைப் பெயர் வைக்கும் முறையை நிலைநிறுத்திய சுவீடன் நாட்டு லின்னேயஸ் 1753-இல் தேயிலைக்கு 'தியா சைனென்சிஸ்' என்று பெயரிட்டார். சரி, ஒரே செடி, ஒரே பெயர். ஆனால் 1762-இல் வெளிவந்த இரண்டாம் பதிப்பில் மனம் மாறிவிட்டார். கறுப்புத் தேயிலை ஒரு செடியிலிருந்தும் பச்சைத் தேயிலை இன்னொரு செடியிலிருந்தும் வருகின்றன என்று நம்பி, ஒன்றுக்கு 'தியா பொஹியா', மற்றதற்கு 'தியா விரிடிஸ்' என்று இரண்டு பெயர் கொடுத்தார். ஒன்றின் பூவுக்கு ஆறு இதழ், மற்றதற்கு ஒன்பது இதழ் என்றும் எழுதினார். உயிருள்ள தேயிலைச் செடி அவர் கைக்கு வந்ததே அதற்கு அடுத்த ஆண்டில்தான்.

1840-களில் சீனாவுக்குள் சுற்றிய ராபர்ட் பார்ச்சூன், ஒரே வகைச் செடியிலிருந்துதான் இரண்டு தேயிலையும் தயாராகின்றன என்று நேரில் பார்த்து எழுதினார். பூஜியான் விவசாயியைக் கேட்டிருந்தால் அவன் எப்போதோ சொல்லியிருப்பான்! பின்னர் தேயிலை கமேலியா குடும்பத்தோடு சேர்க்கப்பட்டு, 1887-இல் 'கமேலியா சைனென்சிஸ்' என்ற இன்றைய பெயர் வந்தது. சீனத்துச் சிறு இலைச் செடியும் அசாமின் பெரிய இலைச் செடியும் அந்த ஒரே இனத்தின் இரு வகைகள்.

இங்கே 'இனம்' என்ற சொல்லைப் பயன்படுத்தினேன். தமிழகப் பாடநூல்கள் இதைச் 'சிற்றினம்' என்கின்றன. நம் நாட்டில் 'இனம்' என்றால் மலாய்க்காரர், சீனர், இந்தியர் என்றுதான் எல்லாருக்கும் மனத்தில் வரும். ஆகவே வகுப்பில் இந்தச் சொல்லைச் சொல்லும்போது கூடவே ஒரு வரி சேர்த்துச் சொல்வது என் வழக்கம்: உயிரியல் கணக்கில் இந்த வகுப்பிலும், இந்த நாட்டிலும், இந்த உலகத்திலும் மனிதர்கள் எல்லாரும் ஒரே இனம். சொல் சரியாக இல்லாவிட்டால் எவ்வளவு பெரிய குழப்பம் வரும், பாருங்கள்.

அறைக்குள் இருக்கும் ரகசியம்

ஒரே செடி என்றால், ஒரு தேநீர் கறுப்பாகவும் இன்னொன்று பச்சையாகவும் எப்படி வருகிறது? இதற்குப் பதில் உயிரணுவுக்குள் இருக்கிறது.

1665-இல் ராபர்ட் ஹூக் தக்கைத் துண்டை உருப்பெருக்கியில் பார்த்தார். வரிசை வரிசையாகச் சின்னச் சின்ன அறைகள். மடாலயத்தில் துறவிகள் தங்கும் சிற்றறைக்கு வழங்கிய பெயரையே அதற்குச் சூட்டினார். அதுதான் 'செல்'. அந்த வரலாற்றை முதன்முதலில் படித்தபோது எனக்கு மடாலயம் தோன்றவில்லை, எங்கள் லயம்தான் தோன்றியது. ஒரே கூரை, நடுவே சுவர், ஒரு குடும்பத்துக்கு ஓர் அறை. பக்கத்து வீட்டில் மீன் பொரித்தால் நம் வீட்டில் மணக்கும். அந்தச் சுவர் இருக்கும் வரைதான் அவரவர் வாழ்க்கை அவரவருக்கு.

தேயிலையின் உயிரணுவுக்குள்ளும் அறைக்குள் அறை உண்டு. துவர்ப்புத் தரும் பொருள்கள் ஓர் அறையில். அவற்றை மாற்றக்கூடிய நொதி வேறோர் இடத்தில். இலை முழுதாக இருக்கும்வரை இரண்டும் சந்திப்பதில்லை. வாட்டிய கொழுந்தை இயந்திரத்தில் போட்டு உருட்டிக் கசக்கும்போது சுவர்கள் உடைகின்றன. நொதியும் துவர்ப்புப் பொருளும் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு கலக்கின்றன. நிறம் செம்பாகிறது, மணம் எழுகிறது. இது கறுப்புத் தேயிலை. பறித்த உடனே சூடுபடுத்தினால் நொதி செயலிழந்துவிடும். அது பச்சைத் தேயிலை. அவ்வளவுதான் வேறுபாடு. லின்னேயஸ் இரண்டு செடியாகப் பார்த்தது உண்மையில் ஒரு நொதி வேலை செய்ததும் செய்யாததும்தான்.

தேயிலை ஆலையில் இந்தக் கட்டத்துக்கு இன்றைக்கும் 'பெர்மென்டேஷன்' என்றுதான் பெயர். அப்பா அதைப் 'புளிக்கப் போடுவது' என்பார். ஆனால் தோசை மாவு புளிப்பதைப் போல இதில் நுண்ணுயிர்களின் வேலை இல்லை. கல்கத்தாவில் இந்தியத் தேயிலைச் சங்கத்தில் பணியாற்றிய ஹெரால்ட் மேன் போன்றவர்கள் 1900-த்தை ஒட்டிய ஆண்டுகளில் இலைக்குள்ளேயே இருக்கும் நொதியால்தான் இது நடக்கிறது என்று காட்டினார்கள். நூறு ஆண்டு தாண்டியும் பழைய பெயர் ஒட்டிக்கொண்டே இருக்கிறது. ஆகவே தோட்டத்துச் சொல் எல்லாமே சரி என்று நான் வாதாட வரவில்லை. அப்பா சொன்னது தவறு. ஆனால் அந்தத் தவறை இங்கிலாந்துத் துரைமார்களும் சேர்ந்துதான் செய்தார்கள்!

இன்னொரு சொல். 1929 தொடங்கி நட்ட பழைய செடிகளில் பல இன்னும் கொழுந்து விடுகின்றன. அந்தக் காலத்துத் தேயிலை விதையிலிருந்து வந்தது. தேயிலைப் பூ பெரும்பாலும் தன் மகரந்தத்தால் காய்க்காது, வேறு செடியின் மகரந்தம் வேண்டும். அதனால் ஒவ்வொரு நாற்றும் தனித்தனிக் குணம். ஒன்று சீக்கிரம் துளிர்க்கும், ஒன்று தாமதிக்கும், ஒன்றின் இலை கரும்பச்சை, ஒன்று வெளிர். பறிப்பவர்கள் தங்கள் நிரையில் உள்ள செடிகளை ஆட்களைப் போல அடையாளம் வைத்திருப்பார்கள். பிற்காலத்தில் ஓர் இலையும் ஒரு கணுவும் உள்ள துண்டை வெட்டிப் பதியம் போட்டு நாற்று உண்டாக்கும் முறை பரவியது. அப்படி வந்த செடிகள் எல்லாம் தாய்ச்செடியின் அச்சு. இதற்குத்தான் 'குளோன்' என்று பெயர். 1903-இல் வெப்பர் என்ற அமெரிக்கத் தாவரவியலார் கிரேக்க மொழியிலிருந்து எடுத்த சொல். கிரேக்கத்தில் அதற்கு என்ன பொருள் தெரியுமா? குச்சி, சிறுகிளை! டோலி ஆட்டுக்குட்டியால் உலகம் முழுக்கப் பேசப்பட்ட சொல், பிறந்தது நாற்றுமேடையில்.

சொல் செய்தவர்கள்

அப்படியானால் தமிழில் இந்தச் சொற்களை யார் செய்தார்கள்? யாழ்ப்பாணத்தில் மானிப்பாயில் மருத்துவம் பார்த்த அமெரிக்க மிஷனரி டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிரீன் 1864 முதல் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். அதற்கு முன்பே உடலியல் நூலொன்றைத் தமிழாக்கி அச்சிட்டிருந்தார். உடற்கூற்றுக்கு 'அங்காதிபாதம்', உடலியக்கத்துக்குச் 'சுகரணவாதம்' என்று அந்தக் காலத்துச் சொற்கள் இருந்தன. இன்று கேட்டால் நமக்கே விளங்காது. ஆனால் அவரிடம் படித்தவர்கள் தமிழில் படித்து மருத்துவர்களாக வேலை பார்த்தார்கள். 1916-இல் சேலத்தில் ராஜாஜி முதலியோர் அறிவியல் சொற்களுக்கென்றே ஒரு சங்கமும் இதழும் தொடங்கினார்கள். 1930-களில் சென்னையில் கலைச்சொல் தொகுதிகள் வந்தன. இலங்கையில் தாய்மொழிக் கல்வி வந்தபோது அங்கே தனியாகச் சொற்கள் உருவாயின. அதனால்தான் இங்கே உயிரணு என்பதை அங்கே 'கலம்' என்கிறார்கள். இங்கே ஒளிச்சேர்க்கை, அங்கே 'ஒளித்தொகுப்பு'.

என் மனத்தைத் தைத்தது இதுதான். தமிழகப் பாடநூலில் 'நுனி மொட்டு', 'கோண மொட்டு' என்று வருவதை இலங்கைப் பாடநூல்கள் 'அரும்பு' என்று சொல்கின்றன. அரும்பு! அங்கே மலையகத் தோட்டங்களில் கொழுந்து பறிப்பவர்கள் நாள் முழுக்கச் சொல்லும் சொல். தொல்காப்பியத்தின் மரபியலில் மரத்தின் உறுப்புகளைச் சொல்லும் இடத்தில் தளிர், முறி, குழை, நனை ஆகியவற்றோடு வரும் சொல். மொட்டு என்றால் பிள்ளைக்குப் பூதான் ஞாபகம் வரும், செம்பருத்தி வரைந்த அந்தப் பையனைப் போல. தேயிலையின் நுனியில் இருப்பது பூ மொட்டு அல்ல, இலை அரும்பு. அந்தப் பெண் எழுதிய 'கொழுந்து' விடைத்தாளோடு ஒத்துப்போகவில்லை என்றாலும் செடியோடு ஒத்துப்போனது. அடித்தது நான்!

நானே மட்டும் என்ன? தமிழ்ப்பள்ளியை முடித்துப் புகுமுக வகுப்புக்குப் போய், 1979-இல் படிவம் ஒன்றில் உட்கார்ந்தபோது எல்லாம் மலாய். அரும்பு 'துனாஸ்' ஆனது, கொழுந்து 'பூச்சோக்' ஆனது, உயிரணு 'செல்' ஆனது. ஓர் ஆண்டு முழுக்க அறிவியல் என்றால் சொல்லை மனப்பாடம் செய்வது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்குப் பின்னால் இருக்கும் செடியைப் பற்றித்தான் ஆசிரியர் பேசுகிறார் என்பது எனக்குத் தெரியவே இல்லை. அதை எனக்கு யாரும் சொல்லவும் இல்லை.

2003-இல் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் என்ற திட்டம் வந்தது. தமிழ்ப்பள்ளி முதலாம் ஆண்டுப் பிள்ளை 'லீப்', 'ஸ்டெம்', 'ரூட்' என்று ஒப்புவித்தது. 2009 ஜூலையில் அந்தத் திட்டம் கைவிடப்படும் என்று அரசு அறிவித்தது. பின்னர் படிப்படியாக அறிவியல் தமிழுக்குத் திரும்பியது. 2016-க்குப் பிறகு இருமொழித் திட்டத்தால் அதே வாக்குவாதம் சில தமிழ்ப்பள்ளிகளில் மீண்டும் கிளம்பியது. ஆங்கிலம் வேண்டும், மலாயும் வேண்டும், அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் எந்த மொழியில் தொடங்கினாலும், பிள்ளையின் வீட்டில் ஏற்கெனவே இருக்கும் சொல்லைத் தொட்டுத் தொடங்கலாமே! 'உங்கள் பாட்டி கிள்ளிய கொழுந்தின் நுனியில் இருப்பது அரும்பு. மலாயில் துனாஸ், ஆங்கிலத்தில் பட்' என்று சொல்ல அரை நிமிடம் போதும். ஓய்வு பெறுவதற்கு முந்தைய சில ஆண்டுகள் நான் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தேன். அந்த முதல் மாணவியிடம் போய் அவள் தாளைத் திருத்திக் கொடுக்க முடியவில்லை. அவள் குடும்பம் தோட்டத்தை விட்டு ஈப்போ பக்கம் போய்விட்டது.

இப்போது நம் மக்களில் பெரும்பாலோர் மலையை விட்டு இறங்கிவிட்டார்கள். கத்தரியும் இயந்திரமும் வந்துவிட்டன. கொழுந்து வெட்டுகிறவர்கள் பெரும்பாலும் வங்காளதேசத்திலிருந்தும் நேபாளத்திலிருந்தும் வந்தவர்கள். கவாத்து, பாஞ்சி, அரும்பு, பதியம் என்றெல்லாம் கைப்பழக்கத்தோடு சொல்லத் தெரிந்தவர்கள் எழுபது வயதைத் தாண்டிவிட்டார்கள். அவர்களிடம் உட்கார்ந்து அந்தச் சொற்களை எழுதி வாங்கும் வேலையைச் சில பழைய மாணவர்களோடு நான் தொடங்கியிருக்கிறேன். ஒரு நோட்டுப் புத்தகம் நிறைந்துவிட்டது.

போன விடுமுறையில் அம்மாவைத் தோட்டத்துக்குக் கூட்டிப் போனேன். சரிவில் ஒரு வங்காளதேசத்து இளைஞர் நின்றிருந்தார். அம்மா ஒரு கொழுந்தைக் கிள்ளி நுனியைக் காட்டி, உங்கள் ஊரில் இதற்கு என்ன பெயர் என்று தமக்குத் தெரிந்த மலாயில் கேட்டார். அவர் 'குரி' என்றார். சில்ஹெட் பக்கம் தேயிலைத் தோட்டம் இருக்கிற ஊர்க்காரராம். அம்மா 'அரும்பு' என்றார். இருவரும் அந்த இரண்டு சொல்லையும் மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்தார்கள். நான் நோட்டில் இரண்டையும் எழுதிக்கொண்டேன்.